ஆபிரகாம் பண்டிதரும் அவரைத் தாங்கிய துணைவரும்

முன்னுரை

திருநெல்வேலிக்கு வடபால், மதுரைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது தச்சநல்லூர். தன் பெயரிலேயே தச்சரைத் தாங்கி நிற்கும் அவ்வூரின் வழியே செல்வோர்க்கு ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. மரவேலையில் எத்துணை வல்லவனாயினும், ஒரு தச்சன் தனியனாய் நின்று ஒரு வீட்டை எழுப்பிவிட இயலாது. உத்தரத்தின் ஒரு தலையை அவன் பற்றினால் மறுதலையைப் பற்ற மற்றொருவன் வேண்டும். கொல்லன் ஆணியும் கீலும் அடித்துக் கொடுத்தல் வேண்டும். கொத்தன் சுவரை நேர்பட எழுப்பி வைத்தல் வேண்டும். நூல் பிடித்துப் பார்த்துக் கோணலைக் கோணல் என்று கூசாது சொல்ல ஒருவன் வேண்டும். வீடு முடிந்தபின் பெயர் ஒருவனுக்கே வரினும், பாரம் தாங்கிய தோள்கள் பலவாகும்.

தொழில் நடத்துவோர் நிலையும் இத்தகையதே. அவருள்ளும் கிறிஸ்தவ நெறியில் நின்று தொழில் நடத்த விரும்புவோர்க்குத் துணைவர் கூட்டம் மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் அவர் இரண்டு கணக்கு எழுத வேண்டியவர். வரவு செலவுக் கணக்கு ஒன்று. பொருளைக் கொடுத்த ஆண்டவனுக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக் கணக்கு மற்றொன்று. முதற்கணக்கில் ஆதாயம் பெருகுங்கால் செருக்கும், நட்டம் நேருங்கால் மனச்சோர்வும் தனித்திருப்பவனை எளிதிற் பற்றிக்கொள்ளும். இரண்டாம் கணக்கை அவன் மறந்துவிடின் நினைப்பூட்டுவார் எவருமிலர். தோல் தைத்துக் கூடாரம் பண்ணிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் பவுல் அடியாரைத் தம் இல்லத்தும் தொழிலிலும் சேர்த்துக்கொண்டதும், மோசே தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் அவர் கைகளைத் தாங்கி நின்றதும் இவ்வுண்மைக்குச் சான்றாம். திருவள்ளுவனாரும் பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். நாடாளும் மன்னனுக்கே துணை வேண்டுமாயின், கடை நடத்தும் நமக்கு வேண்டுமோ வேண்டாவோ என்பது கேட்க வேண்டுவதன்று.

இவ்வுண்மையை விளக்குதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் நெல்லைச் சீமையிற் பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, மருத்துவத்தாற் பொருளீட்டி, அப்பொருளைத் தமிழிசைக்கு ஈந்த ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர் வரலாறே போதியது.

பிறப்பும் கல்வியும்

தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதியில், குற்றாலத்துக்கு அணித்தாகச் சாம்பவர் வடகரை என்றோர் ஊர் உளது. இந்நாளில் அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் மகனாக ஆபிரகாம் தோன்றினார். இசையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் அவர் பிறந்தாரல்லர்; பெருஞ்செல்வர் மனையிலும் பிறந்தாரல்லர். பின்னாளில் அவர்க்கு வாய்த்தவற்றுள் பெரும்பாலன பிறரிடத்துச் சென்று, பணிந்து, கேட்டுப் பெற்றவையே. இதனை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் நலம்.

சுரண்டையிற் பயின்றபின், ஆசிரியப் பயிற்சியின் பொருட்டு அவர் திண்டுக்கல்லுக்குச் சென்றார். அங்கே பயிற்சி பெற்று ஆசிரியராகவும் அமர்ந்தார். பாடஞ் சொல்லும் வேலையோடு நின்றுவிடாமல், கண்ட கலையனைத்தையும் கற்கும் வேட்கையுடையவராய் இருந்தார். பிடிலும் இசையிலக்கணமும் பயில விரும்பியபோது, திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டி பட்டர் என்பாரை அடைந்து மாணாக்கரானார். தமிழ் மருத்துவத்தின் நுட்பங்களை அறிய விரும்பியபோது, சுருளி மலையில் தவம் புரிந்திருந்த கருணானந்தர் என்னும் துறவியாரை அடைந்து, அவர்பால் மருந்து முறைகளைக் கற்றுக்கொண்டார்.

கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் ஒரு பட்டரிடம் இசையும், ஒரு மலைத்துறவியாரிடம் மருந்தும் கற்றது அக்காலத்திற் சிறிய செய்தியன்று. தம் சமயத்திற் சிறிதும் தளராமலே, அறிவு எங்கிருப்பினும் அங்குச் சென்று கற்கும் பணிவு அவர்க்கு இருந்தது. அக்கடனை அவர் மறக்கவுமில்லை. பிற்காலத்தில் தாம் செய்து விற்ற மருந்துகளுக்குத் தம் பெயரை இடாமல், கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்றே பெயரிட்டார். தஞ்சையின் புறத்தே தாம் அமைத்த தோட்டத்துக்கும் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். அவர் இயற்றிய பெருநூலின் பெயரிலும் கருணை என்னும் சொல்லே முன்னிற்கின்றது. தொழில் தொடங்குவோர் தம் பெயரைப் பலகையிற் பெரிதாக எழுதுவதே வழக்கமாயிருக்க, ஆசிரியர் பெயரைப் பலகையில் எழுதினவர் இவர். தொழிலின் முதல் துணைவர் ஆசிரியரே என்பதை அவர் இவ்வாறு ஒப்புக்கொண்டார்.

இல்லறத் துணை

1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நங்கையாரை மணந்தார். அம்மையாரும் கல்வியறிவுடையவர், ஆசிரியத் தொழிலுக்கு உரியவர். மணமான சில காலத்துள் இருவரும் தஞ்சாவூருக்குக் குடியேறி, அங்கிருந்த லேடி நேப்பியர் பெண் பள்ளிக்கூடத்திற் பணியாற்றினர். பெண்கல்வி அருகியிருந்த அந்நாளில், கணவனும் மனைவியும் ஒரே பள்ளியிற் கற்பித்தது குறிக்கத்தக்கது.

பள்ளிப் பணியோடு மருந்து செய்து கொடுத்தலும் வளர்ந்து வந்தது. 1890ஆம் ஆண்டளவில் பண்டிதர் ஆசிரியப் பணியை விட்டு, மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தை விடுத்து, வருமோ வாராதோ என்று அறியாத வருவாயை நம்பி இறங்குதல் எளிய செயலன்று. அவ்வாறு இறங்குவோன் ஒருவனுடைய துணிவை ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் அவன் இல்லமேயாகும். வீட்டில் நாடோறும் முணுமுணுப்பு எழுமாயின், கடையில் அவன் கை தளர்ந்துவிடும். பண்டிதர்க்கோ, இல்லமே முதற்பட்டறை ஆயிற்று. குடும்பமும் தொழிலும் இரண்டு திசையில் இழுக்கும் மாடுகளாகாமல், ஒரே நுகத்திற் பூட்டப்பட்டுச் சென்றன.

1911ஆம் ஆண்டில் அவ்வம்மையார் காலஞ்சென்றார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தம்மோடு பாரஞ் சுமந்தவரை இழந்தபோது பண்டிதர்க்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. தொழிலைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கியிருக்க அவர்க்கு நியாயம் உண்டு. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே, பின்வரும் பெரும்பணியாகிய சங்கத்தை அவர் நிறுவினார். பின்னர் அவர்க்கு வாழ்க்கைத் துணையாக வந்தவர் பாக்கியம்மாள். மக்களும் வளர்ந்து தந்தையின் இசைப்பணியிற் கைகொடுக்கத் தலைப்பட்டனர். ஒரு தூண் சாய்ந்தவிடத்து வீடு முழுதும் விழாமைக்குக் காரணம், அவ்வீடு ஒரே தூணின்மேல் நில்லாமையே.

தொழிலின் வளர்ச்சி

தமிழ் மருந்துத் தொழில் எத்துணைக் கைகளை வேண்டுவது என்பதை அறியாதார் பலர். பச்சிலையும் வேரும் பட்டையும் பருவமறிந்து பறித்தல் வேண்டும். அவற்றை நிழலில் உலர்த்துவனவென்றும் வெயிலில் உலர்த்துவனவென்றும் பிரித்தல் வேண்டும். சரக்குகளைச் சுத்தி செய்து, கல்வத்திலிட்டுச் சாமக்கணக்கில் அரைத்து, வில்லை தட்டி, சீலைமண் செய்து, எருவடுக்கிப் புடமிடுதல் வேண்டும். நெருப்பு ஓர் அளவு மிகினும் குறையினும் பற்பமும் செந்தூரமும் பழுதுபடும். அதன்பின் நிறுத்துப் பொட்டலமாக்கல், வந்த கடிதங்களுக்கு விடையெழுதல், அனுப்பியதற்கும் வரவேண்டியதற்கும் கணக்கு வைத்தல் என வேலைகள் தொடர்ந்துகொண்டே செல்லும். இவற்றுள் ஒரு கையின் நேர்மை குறைந்தாலும் நோயாளியின் உயிர்க்கு இடையூறு வரும். ஆகவே இத்தொழிலில் முதலாளியின் நாணயம் என்பது, பெயரறியப்படாத பணியாளரின் நாணயமேயாகும்.

கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இந்தியாவின் பல பாகங்களிலும், கடல் கடந்த நாடுகளிலும் பரவின. தஞ்சையில் அமைந்த கருணாநிதி வைத்தியசாலை பெரும்புகழ் பெற்றது. தோட்டத்தில் மூலிகைகளோடு பயிர்த்தொழில் ஆராய்ச்சியும் நடந்தது. 1906 முதல் 1911 வரை சென்னை இராஜதானியின் கவர்னராயிருந்த சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தைப் பார்வையிட்டுப் பாராட்டினார். பண்டிதர் நிறுவிய மின்விசை அச்சகத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டது. ராவ் சாகிப் என்னும் பட்டத்தையும் அரசாங்கத்தார் பண்டிதர்க்கு அளித்தனர்.

வைத்தியசாலை, தோட்டம், அச்சகம் என்னும் மூன்றையும் ஒருங்கே நடத்திய ஒருவர், இவற்றோடு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இசையாராய்ச்சி நூலையும் எழுதினார் என்றால் நமக்கு வியப்புண்டாகின்றது. நாளொன்றுக்கு நாழிகை அறுபதே. நாழிகையைப் பெருக்க எவராலும் முடியாது. நம்பத்தக்க கைகளைப் பெருக்க மட்டுமே முடியும். பண்டிதர் நூலின் முன்னமர்ந்து சுருதிக்கணக்கிட்ட ஒவ்வொரு நாழிகையிலும், கல்வத்தின் முன்னும் கணக்குப் புத்தகத்தின் முன்னும் வேறொருவர் உண்மையாய் அமர்ந்திருந்தார் என்பதை நாம் உய்த்துணர வேண்டும்.

சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

பண்டிதரின் உள்ளத்தை இளமை முதலே ஈர்த்தது இசை. பழந்தமிழ் மக்கள் கையாண்ட இசை யாது, அதன் சுருதிகள் எத்தனை, சிலப்பதிகாரம் கூறும் பாலைகளின் பொருள் யாது என்னும் வினாக்கள் அவரை விடாது பற்றின. இவ்வாராய்ச்சிக்கும் அவர் பிறர்க்குக் கடன்பட்டவரே. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி அலைந்து, அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டில் அச்சேற்றியிராவிடின், பண்டிதர்க்கு அடிநிலமே இராது.

வடமொழி நூலார் ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டென்பர். சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்தினாகரம் இக்கொள்கையையே கூறும். பண்டிதரோ, தமிழ் நூல்களை ஆராய்ந்து, ஸ்தாயி சமபாகங்களாகவே பகுக்கப்பட்டது என்றும், ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்றவாறு பகுப்பு நுணுகிச் செல்லும் என்றும் முடிவு கண்டார். நூற்றாண்டுகளாக வழங்கிய ஒரு கொள்கையை, இசைவாணர் நிறைந்த தஞ்சை மாநகரில், இசைக்குடியிற் பிறவாத மருத்துவர் ஒருவர் மறுத்துரைப்பது துணிகரமான செயல். பொருளுடையார் சிலர் இந்நிலையில் என் செய்வர்? தம்மைப் புகழ்வார் நால்வரைக் கூட்டி, தாம் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கச் செய்து, அதனையே உலகத்தின் தீர்ப்பாகக் கொள்வர். பண்டிதர் அவ்வாறு செய்யவில்லை.

1912ஆம் ஆண்டில் அவர் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு தொடங்கி 1916 வரை ஏழு மாநாடுகள் கூடின. பாடவல்லாரும், வீணை வல்லாரும், வடமொழி வல்லாரும், தமிழ்ப்புலவரும் அவற்றுக்கு அழைக்கப்பெற்றனர். வந்தோரின் செலவைப் பண்டிதரே ஏற்றுக்கொண்டார். கூடியோர் யாவரும் அவர் கொள்கையை ஒப்புக்கொண்டவரல்லர். தம் செலவில் வந்து, தம் விருந்தை உண்டு, தம் கொள்கையையே மறுக்கும் உரிமையை அவர் அறிஞர்க்கு அளித்தார்.

துணைவர் என்றால் ஆமாம் சொல்வோர் என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வழுக்கி விழப்போகின்றவனைத் தட்டிக் கொடுப்பது நட்பன்று. கையைப் பற்றி இழுத்து நிறுத்துவதே நட்பு. இடித்துரைப்பாரைத் தானே தேடிச்சென்று விருந்தோம்புகின்றவனே பெரியோன். வாதத்தில் தேறிய பகுதி உறுதிப்பட்டது. தேறாத பகுதி மீண்டும் ஆராயப்பட்டது. பண்டிதர் நூல் அத்துணை விரிவாகவும், எதிர்வாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்து மறுக்கும் முறையிலும் அமைந்தமைக்கு இம்மாநாடுகள் ஒரு காரணமாகும்.

பரோடா மாநகரில்

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பரோடா அரசர் சயாஜிராவ் கெயிக்வாட் அவர்களின் ஆதரவில், முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. அதனை முன்னின்று கூட்டியவர் பண்டித பாத்கண்டே. நம் பண்டிதர் அங்குச் சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். வாயாற் சொல்லுதல் வேறு, காதாற் கேட்பித்தல் வேறு. சுருதி என்பது கேட்டறிவது. எண்ணைக் காட்டி எவரையும் நம்புவிக்க முடியாது. அப்பொழுது அவர்க்குக் கைகொடுத்தவர் அவர்தம் பெண்மக்களாகிய மரகதவல்லியும் கனகவல்லியும். தந்தை கணக்கிற் காட்டியதை அவர்கள் இசையிற் காட்டினர். பல தேயத்து வித்துவான்கள் நிறைந்த பேரவையில், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் இவ்வாறு நின்றது 1916ஆம் ஆண்டில் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வீட்டிலிருந்த பெண்களுக்குக் கலையைக் கற்பித்து, அவர்களை அவையேறச் செய்த தந்தை, வேண்டிய காலத்தில் வேண்டிய துணையைப் பெற்றார். கற்பியாதிருந்தால் அத்துணை எங்கிருந்து வந்திருக்கும்?

சுருதி வழக்கு அவ்வவையோடு முடிந்துவிடவில்லை. அறிஞரிடையே அது பின்னரும் தொடர்ந்தது. ஆயினும் தென்னாட்டுப் பழந்தமிழிசை என்பது ஒன்றுண்டு, அது ஆராய்தற்குரியது என்னும் செய்தி நாடறிந்ததாயிற்று.

கருணாமிர்த சாகரம்

1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் முதற் புத்தகம் தஞ்சையில் பண்டிதரின் சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. மருந்து விற்ற பணம் இசைநூலாக மாறியது என்று சுருங்கச் சொல்லலாம். இரண்டாண்டு கழித்து, 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பண்டிதர் தம் அறுபதாண்டு நிறைந்த அதே மாதத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தொழிலாளனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் மெய்ச்சோதனை அவன் மறைவுக்குப் பின்னரே வருகின்றது. இராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் அப்பொழுது வெளிவராது நின்றது. தலைவன் மறைந்தால் கையெழுத்துப் பிரதிகள் பெட்டியில் உறங்குதலும், கறையானுக்கு இரையாதலும் நம் நாட்டிற் புதியனவல்ல. 27 ஆண்டுகள் சென்றன. 1946ஆம் ஆண்டில், அவர்தம் மக்கள் முயற்சியால் அவ்விரண்டாம் புத்தகமும் அச்சேறியது. அவர் மகனார் வரகுண பாண்டியனாரும் யாழைப் பற்றி ஆராய்ந்து, பாணர் கைவழி என்னும் யாழ் நூலை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். தந்தையின் பொருளுக்கு மட்டும் வாரிசாகாமல், அவர் தொடங்கிய பணிக்கும் வாரிசாயினர் அம்மக்கள். நெடுங்காலம் கடந்தது என்பதும் உண்மையே. ஒருவர் தோளில் மிகுதியாய் நின்ற பாரம், அவர் மறைந்தபின் மற்றவர் தோளுக்கு மாறுதற்குக் காலம் செல்லும் என்பதையும் இவ்வரலாறு நமக்கு எச்சரிக்கின்றது.

ஓர் ஒப்புமை

பண்டிதர்க்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட வங்காளத்தில் வாழ்ந்த வில்லியம் கேரி வரலாறும் இதனையே காட்டும். 1793ஆம் ஆண்டில் இந்தியா வந்த கேரி, முத்னாபட்டி என்னுமிடத்தில் அவுரிச்சாய ஆலையை நடத்திக்கொண்டு, ஏறத்தாழத் தனித்தே ஊழியமும் செய்தார். சில ஆண்டுகளில் அவ்வாலை நட்டமடைந்து மூடப்பட்டது. 1800ஆம் ஆண்டில் அவர் ஸ்ரீராம்பூருக்கு வந்து, அச்சுத்தொழில் வல்ல வார்டு என்பாரோடும், பள்ளி நடத்த வல்ல மார்ஷ்மன், அவர் மனைவியார் ஹன்னா என்பாரோடும் சேர்ந்து வாழத்தொடங்கினார். வருவாயைப் பொதுவில் வைத்தனர். 1812ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அச்சுக்கூடம் தீக்கிரையாகிக் கையெழுத்துப் பிரதிகள் பல சாம்பலாயின. ஆயினும் சில வாரங்களில் அச்சுவேலை மீண்டும் தொடங்கியது. கேரி அதே கேரிதான். முத்னாபட்டியில் இல்லாததும் ஸ்ரீராம்பூரில் இருந்ததும் துணைவர் கூட்டமே.

முடிவுரை

மாணாக்கர்களே, உங்களுட் பலர் நாளை ஒரு கடையையோ, ஒரு பண்ணையையோ, ஓர் ஆலையையோ நடத்துவீர்கள். முதல் எங்கே கிடைக்கும் என்பதே உங்கள் முதற்கேள்வியாயிருக்கும். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. எனக்குக் கற்பித்தவர் பெயரைச் சொல்ல நான் நாணாதிருக்கின்றேனா? என் இல்லத்தார் என் தொழிலின் நோக்கத்தை அறிவார்களா? நான் இல்லாதபோதும் நேர்மையாய் நடப்பவர் என் பட்டறையில் உளரா? நான் தவறுங்கால் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவரேனும் உளரா? எனக்குப்பின் இதனை எடுத்து நடத்துவோரை நான் பயிற்றியிருக்கின்றேனா? இவ்வைந்தனுக்கும் விடை கூறவல்லவன், சிறுமுதல் கொண்டு தொடங்கினும் நிலைபெறுவான். விடையில்லாதவன் பெருமுதல் கொண்டு தொடங்கினும் தனித்தே நின்று தளர்வான்.

சாம்பவர் வடகரையில் எளிய குடியிற் பிறந்த ஒருவர், ஆசிரியரையும் மனைவியையும் பணியாளரையும் மாற்றுக் கொள்கையினரையும் மக்களையும் துணையாகக் கொண்டதனால், மருந்தால் உடலுக்கும் இசையாராய்ச்சியால் நாட்டுக்கும் நன்மை செய்து மறைந்தார். அவர் பிறந்த சீமையிலே பிறந்தோம் என்று பெருமை பேசுதல் எளிது. அவர் தேடியது போல நல்லாரைத் தேடிச் சேர்தலும், பிறர்க்கு நாமே நல்ல துணைவராய் அமைதலும் அரிது. அவ்வரியதை முயல்வோமாக.